பார்த்த படத்துக்குக் கருத்தும் மதிப்பெண்ணும் சொல்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினொரு பேர். யாரும் விமர்சகர் இல்லை. ஒருவர் பேருந்து ஓட்டுகிறார், இருவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், ஒருவருக்குச் சாங்கியில் இரவுப்பணி. படம் பார்த்தவர் இரண்டு நாளுக்குள் பத்து வரி எழுதி, ஐந்துக்கு ஒரு எண் போடவேண்டும். மற்றவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வார இறுதியில் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். நாலு பேர் குடும்பமாகப் போனால் டிக்கெட், பாப்கார்ன், தேக்காவில் சாப்பாடு என்று நூறு வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தொட்டுவிடுகிறது. ஆகவே அந்தப் பத்து வரிக்கு மதிப்பு உண்டு.

நான்காண்டாக அந்த எண்களைக் குறித்துவைக்கும் கணக்குத்தாளைப் பார்த்துக்கொள்வது நான்தான். புதிதாகச் சேர்கிறவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். பெரும்பாலும் வரிசைதான் தப்பு: எண்ணை முதலில் போட்டுவிட்டு, அதற்குக் காரணம் தேடுகிறார்கள். கீழே சொல்வது எண்ணைக் கடைசிக்குத் தள்ளும் வரிசை.

தேவையானவை: போனில் ஒரு குறிப்புப் பக்கம், நண்பர்களும் பார்த்திருக்கும் மூன்று பழைய படங்கள், படம் முடிந்தபின் இருபது நிமிடம்.

1. படத்துக்குப் போகும் முன்பே அளவுகோலை எழுதிவையுங்கள்

ஐந்துக்கா, பத்துக்கா, நூற்றுக்கா என்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒவ்வோர் எண்ணுக்கும் என்ன பொருள் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனந்த விகடன் நீண்டகாலம் நூற்றுக்கு மதிப்பெண் போட்டது. நாற்பதுகளில் வாங்கினாலே பார்க்கத்தக்க படம் என்று அதன் வாசகருக்குத் தெரியும். அதே 45ஐப் பிள்ளையின் தேர்வுத்தாளில் பார்த்தால் அன்றைக்கே டியூஷன் ஆசிரியருக்குப் போன் போகும். பள்ளிக்கூட மதிப்பெண் பழக்கம் நம் எல்லார் மண்டையிலும் உட்கார்ந்திருப்பதால்தான் புதியவர்கள் மூன்றுக்குக் கீழே இறங்கவே தயங்குகிறார்கள்.

அதனால் எங்கள் எண்களை நாங்கள் செயலோடு கட்டிவைத்தோம்.

5: மறுபடி காசு கொடுத்துப் பார்ப்பேன்.
4: இன்னொருவரை வற்புறுத்திக் கூட்டிப்போவேன்.
3: போனதில் வருத்தமில்லை. யாரையும் போகச் சொல்லவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன்.
2: ஓடிடியில் வந்தால் துணி மடித்துக்கொண்டே பார்க்கலாம்.
1: எழுந்து போயிருப்பேன். கூட வந்தவருக்காக உட்கார்ந்திருந்தேன்.

அரை எண் போடலாம். கால் எண் கூடாது. 3.25க்கும் 3.5க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் யாராலும் சொல்லமுடியவில்லை.

அடுத்து, குழுவில் எல்லாரும் பார்த்த மூன்று படங்களை எடுத்து, உங்களுக்கு எது 2, எது 3, எது 4 என்று எழுதிவையுங்கள். இனி வரும் ஒவ்வொரு படத்தையும் இந்த மூன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். "இது அந்த 3ஐவிட எனக்குப் பிடித்ததா?" என்ற கேள்விக்குப் பதில் சட்டென வரும். "இது ஐந்துக்கு எத்தனை?" என்று கேட்டால் விழிப்போம். இந்த மூன்று படங்களையும் குழுவில் சொல்லிவிடுங்கள். உங்கள் 3 எப்படிப்பட்டது என்று அப்போதுதான் மற்றவர்களுக்குப் புரியும்.

இணையதள எண்களை இதோடு கலக்காதீர்கள். ஐஎம்டிபியில் 1 முதல் 10 வரை போடலாம். அங்கே தெரிவது வெறும் சராசரி அல்ல, அவர்களே எடையிட்டுக் கணக்கிடும் ஓர் எண். லெட்டர்பாக்ஸ்ட்டில் அரை நட்சத்திரம் முதல் ஐந்து வரை. ராட்டன் டொமேட்டோஸ் விழுக்காட்டைத்தான் அதிகம் பேர் தப்பாகப் படிக்கிறார்கள். 90 விழுக்காடு என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று பொருளில்லை. விமர்சகர்களில் பத்தில் ஒன்பது பேர் "பிடித்திருக்கிறது" பக்கம் நின்றார்கள் என்றுதான் பொருள். அந்த ஒன்பது பேரும் "சுமாராகப் பிடித்தது" என்று எழுதியிருந்தாலும் அதே 90தான். ஐந்தே பேர் விமர்சித்த படமென்றால் ஒருவர் மனம் மாறினாலே 20 விழுக்காடு ஆடிவிடும். தமிழ்ப் படங்களுக்கு அங்கே விமர்சனங்கள் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

2. டிக்கெட் எடுக்கும்போதே நான்கு வரி

யாரோடு போகிறேன், ஏன் போகிறேன், என்ன எதிர்பார்க்கிறேன், இதுவரை என்ன பார்த்துவிட்டேன் (முன்னோட்டம், பாட்டு, யாராவது சொன்னது). ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும்.

இதைப் படத்துக்கு முன்பே எழுதவேண்டும். முடிந்தபின் எழுதினால் நம் மனசே நம்மை ஏமாற்றும். "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லாத ஆள் உண்டா? முன்கூட்டி எழுதியதைத் திரும்பப் படிக்கும்போதுதான், நாம் கோபப்படுவது படத்தின் மேலா, முன்னோட்டம் காட்டிய ஆசையின் மேலா என்று தெரியும்.

கூடவே, சிங்கப்பூரின் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் தந்த வயது வகைப்பாட்டையும் அதனுடன் வரும் அறிவுரை வரியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜி, பிஜி, பிஜி13 மூன்றும் பெற்றோரின் முடிவுக்கு விடப்பட்டவை. என்சி16, எம்18, ஆர்21 அப்படியல்ல, வயது வரம்பு கட்டாயம். அப்பா கூடவே நின்றாலும் 15 வயதுப் பையனை என்சி16 படத்துக்குள் விடமாட்டார்கள். இங்கே புதியவர் செய்யும் தவறு, இந்தியச் சான்றிதழை அப்படியே எழுதிவிடுவது. அங்கே யு/ஏ வாங்கிய படம் இங்கே என்சி16 ஆக வருவதுண்டு. எங்கள் குழுவில் ஒருவர் அப்படி எழுதியதை நம்பி, ஒரு குடும்பம் பதின்மூன்று வயதுப் பெண்ணோடு நுழைவாயில்வரை போய்த் திரும்பியது. அன்றிலிருந்து எங்கள் தாளில் அதற்கெனத் தனிக் கட்டம்.

டிக்கெட் இலவசமாகக் கிடைத்ததா? அதையும் எழுதுங்கள். ஓசியில் பார்த்தவருக்கும் இருபது வெள்ளி கொடுத்தவருக்கும் பொறுமை ஒரே அளவில் இருக்காது.

3. அரங்குக்குள் குறிப்பு வேண்டாம்

போனை எடுக்காதீர்கள். இருட்டில் திரை வெளிச்சம் பத்து வரிசைக்கு அடிக்கும். நாயகன் அறிமுகக் காட்சியை எடுத்து ஸ்டேட்டஸில் போடுவது பதிப்புரிமைச் சிக்கல், அதோடு அடுத்தவரின் சந்தோஷத்தையும் திருடுவது.

மனசில் மட்டும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எந்த இடத்தில் மணி பார்க்கத் தோன்றியது? நான் போகும் அரங்குகளில் "இடைவேளை" என்று எழுத்து வந்து போகுமே தவிர, படம் நிற்காது. ஆகவே மணி பார்க்கத் தோன்றியதும், கழிப்பறைக்கு எழுந்து போனதும் எந்தக் காட்சியில் என்பது நல்ல அடையாளம். நல்ல காட்சி ஓடும்போது யாரும் எழுந்திருப்பதில்லை.

விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்பித் தாமதமாகப் போய் முதல் பத்து நிமிடத்தை விட்டீர்களா? எழுதும்போது ஒப்புக்கொள்ளுங்கள். "கதாபாத்திரங்கள் சரியாக அறிமுகமாகவில்லை" என்று ஒருவர் எழுதினார். அறிமுகம் நடந்தபோது அவர் பாப்கார்ன் வரிசையில் நின்றிருந்தார்.

4. வெளியே வந்ததும் ஐந்து கேள்வி, எண் கிடையாது

எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்ததும் எழுதத் தொடங்குங்கள். அரை மணி நேரத்துக்குள் என்றால் நல்லது. வீட்டுக்குப் போய்ப் பிறர் கருத்தைப் படித்துவிட்டால், அவர்கள் சொன்னதே நாம் நினைத்ததுபோல் ஆகிவிடும்.

கேள்விகள் இவை. கண்ணை மூடினால் முதலில் வரும் காட்சி எது? மணி பார்த்தது எங்கே? எந்தப் பாத்திரத்தின் பெயர் நினைவிருக்கிறது? கூட வந்தவர் எங்கே சிரித்தார், எங்கே நெளிந்தார்? புரியாத ஒன்று என்ன?

மூன்றாவது கேள்வி விளையாட்டுபோல் தோன்றும். ஆனால் நடிகரின் பெயர் மட்டும் நினைவிருந்து பாத்திரத்தின் பெயர் ஒன்றுகூட வரவில்லையென்றால், அதுவே எழுதத்தக்க கருத்து.

இதோடு அரங்கைப் பற்றியும் தனியாக ஒரு வரி: ஒலி, இருக்கை, குளிர், கூட்டம். தனியாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் மாட்டியவன் நான். ஓர் அரங்கில் வலப்பக்க ஒலிபெருக்கி கரகரத்துக்கொண்டே இருந்தது. குளிரோ ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்க வைத்தது. வெளியே வந்ததும் 1.5 போட்டு, "வசனமே புரியவில்லை, சத்தம்" என்று எழுதினேன். எட்டு மாதம் கழித்து வீட்டில் அதே படத்தைப் பார்த்தேன். வசனம் ஒவ்வொன்றும் தெளிவு. என் எண் 3.5 ஆனது. நான் மதிப்பெண் போட்டது அந்த ஒலிபெருக்கிக்கு.

முதல் நாள் ரசிகர் காட்சிக்கும் இது பொருந்தும், எதிர்ப்பக்கமாக. விசில் சத்தத்தில் சுமாரான காட்சியும் திருவிழாவாகத் தெரியும். திங்கட்கிழமை இரவு ஆறு பேரோடு உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்தத் திருவிழா கிடைக்காது. "முதல் காட்சி, கூட்டம் பயங்கரம்" என்று ஒரு வரி சேர்த்தால் படிப்பவரே கழித்துக்கொள்வார்.

5. ஒரு ராத்திரி தள்ளிப்போடுங்கள்

இதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் செய்யவேண்டாம். தூங்குங்கள்.

கடைசிக் காட்சிதான் வெளியே வரும்போது மனசில் நிற்கும். உச்சக்காட்சி நன்றாக இருந்தால் நடுவில் கொட்டாவி விட்டதெல்லாம் மறந்துபோகும். கடைசிப் பத்து நிமிடம் சொதப்பியிருந்தால் நல்ல இரண்டு மணி நேரமும் காணாமல்போகும். ஓர் இரவு போனால் இரண்டும் கொஞ்சம் சமப்படும். காலையில் குறிப்பை எடுத்துப் படித்தால் எழுத வேண்டியது என்ன என்று தெரியும்.

வாரக்கணக்கில் தள்ளவும் கூடாது. படம் இங்கே இரண்டாவது வாரத்திலேயே காட்சி நேரம் குறைந்து ஒதுங்கத் தொடங்கிவிடும். அப்புறம் வரும் கருத்து யாருக்கும் பயன்படாது. இரண்டு நாள் கெடு அதனால்தான்.

6. கருத்தை எழுதும் வரிசை

வழக்கமாக வரும் கருத்து இப்படி இருக்கும்:

"ஃபர்ஸ்ட் ஹாஃப் செம. செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக். பிஜிஎம் வேற லெவல். ஒரு தடவை பார்க்கலாம். 3.5."

இதைப் பத்துப் படத்துக்கு ஒட்டிப் பாருங்கள், பத்துக்கும் பொருந்தும். படத்தின் பெயரை எடுத்துவிட்டு உங்கள் கருத்தைப் படியுங்கள். எந்தப் படம் என்று ஊகிக்கவே முடியாவிட்டால் நீங்கள் இன்னும் எழுதத் தொடங்கவில்லை.

நாங்கள் வைத்திருக்கும் வரிசை இது. முதலில் சூழல்: எந்தக் காட்சி, யாரோடு, வகைப்பாடு, நீளம். இரண்டாவது, தொடக்கத்தில் தெரியும் கதை, ஒரே வாக்கியத்தில். மூன்றாவது, எதிர்பார்த்ததும் கிடைத்ததும். நான்காவது, பிடித்த ஒன்று, காட்சியோடு. ஐந்தாவது, பிடிக்காத ஒன்று, அதுவும் காட்சியோடு. கடைசியில் யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏற்றதில்லை. அதற்கப்புறம்தான் எண்.

சூழலை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. படிப்பவர் "இவர் என்னைப் போன்றவரா?" என்பதைத்தான் முதலில் தேடுகிறார். மூன்று வயதுக் குழந்தையோடு போனவரின் கருத்தும், நண்பர்களோடு பின்வரிசையில் உட்கார்ந்தவரின் கருத்தும் வேறு வேறு.

மேலே உள்ள அதே 3.5, வரிசைப்படி எழுதினால் எப்படி வரும் என்று பாருங்கள். படம் கற்பனை. "கதை உடைப்பு" என்பது பார்க்காதவருக்குக் கதையை முன்கூட்டியே சொல்லிக் கெடுப்பது.

"வெள்ளி இரவு, மனைவியும் 14 வயது மகளும். பிஜி13. 2 மணி 41 நிமிடம். கதை உடைப்பு இல்லை. அப்பா விட்டுப்போன படகு அண்ணனுக்கா தம்பிக்கா என்ற சண்டை. அடிதடிப் படம் என்று நினைத்துப் போனேன், முக்கால்வாசி குடும்பக் கதை. அம்மாவும் பெரிய மகனும் ஒரு வார்த்தை பேசாமல் மீன் கழுவும் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. கதாநாயகிக்கு இரண்டு பாட்டு, நாலு வசனம், அவ்வளவுதான். கடைசி நாற்பது நிமிடத்தில் மூன்று சண்டை, மகள் என் தோளில் தூங்கிவிட்டாள். கடற்கரைப் பேச்சு முதலில் பிடிபடாது, பத்து நிமிடத்தில் பழகிவிடும். அம்மா அப்பாவைக் கூட்டிப்போகலாம். சண்டைக்காகப் போகிறவர் இரண்டு மணி நேரம் காத்திருக்கவேண்டும். 3.5."

இரண்டு எண்ணும் ஒன்றுதான். இரண்டாவதைப் படித்தவர் போவதா வேண்டாமா என்று ஒரு நிமிடத்தில் முடிவெடுப்பார்.

சிங்கப்பூரில் பார்ப்பவருக்கு இன்னும் இரண்டு தகவல் சேர்த்தால் நல்லது. ஒன்று, சப்டைட்டில். அலுவலகத்தில் சீன, மலாய் நண்பர்கள் நம்மோடு வருவார்கள். நகைச்சுவை ஆங்கில வரியில் தேறியதா, பாட்டுக்கும் வரி போட்டார்களா என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். இன்னொன்று, நீளமும் காட்சி நேரமும். இரவு 9.30 காட்சி, 2 மணி 50 நிமிடப் படம், முன்னால் விளம்பரம் என்றால் வெளியே வருவது பன்னிரண்டரை. கடைசி ரயிலை மறந்துவிடலாம். நள்ளிரவுக்குமேல் டாக்சி மீட்டரில் 50 விழுக்காடு கூடும். "ஏழு மணிக் காட்சிக்குப் போங்கள்" என்ற அறிவுரை சில சமயம் முழு விமர்சனத்தைவிடப் பயனுள்ளது.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் பார்த்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். மலேசியாவுக்குத் தனித் தணிக்கை வாரியம். அங்கே வெட்டியது இங்கே இருக்கலாம், இங்கே வெட்டியது அங்கே இருக்கலாம். "அந்தக் காட்சி தொடர்பில்லாமல் குதிக்கிறது" என்று ஒருவரும் "எனக்கு அப்படித் தெரியவில்லையே" என்று இன்னொருவரும் மூன்று நாள் சண்டை போட்ட பிறகுதான், இருவரும் பார்த்தது ஜொகூர் பாலத்துக்கு இரு பக்கமும் என்று தெரிந்தது.

7. தேய்ந்த சொற்களை உடையுங்கள்

சில சொற்களைத் தடைசெய்யலாமா என்றுகூட யோசித்தோம். தடை வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டால் போதும் என்று முடிவாயிற்று.

"லேக்" என்று எழுதினால், எந்தக் காட்சியிலிருந்து எந்தக் காட்சிவரை? அந்த இடத்தில் கதை நின்றதா, தெரிந்ததையே மறுபடி சொன்னதா, அல்லது அழகாக இருந்தும் உங்களுக்குப் பொறுமை இல்லையா? மூன்றும் வேறு வேறு குறை. மூன்றாவது, குறையே இல்லை.

"பின்னணி இசை வேற லெவல்" என்றால், எந்த இடத்தில்? வசனத்தை மூடியதா, தூக்கியதா? இசை இல்லாமல் அந்தக் காட்சி நின்றிருக்குமா?

"லாஜிக் இல்லை" என்பதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். பத்துப் பேரை ஒருவர் அடிப்பதை விட்டுவிடுவார்கள், கதாநாயகியின் கைப்பேசிக்கு சார்ஜ் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். படம் தானே போட்ட விதியைத் தானே மீறினால் மட்டும் எழுதுங்கள்.

இருப்பதில் மோசமானது "ஒரு தடவை பார்க்கலாம்". யாரையும் புண்படுத்தாத, யாருக்கும் உதவாத வாக்கியம். யார், எங்கே, எவ்வளவு காசுக்கு ஒரு தடவை பார்க்கலாம் என்று எழுதினால் அதற்கு உயிர் வந்துவிடும்: "வாரநாள் கட்டணத்தில், தனியாக, ஒரு தடவை."

நடிகர்களைப் பற்றி எழுதும்போது உடம்பை, நிறத்தை, வயதைக் கிண்டல் செய்யவேண்டாம். குழுவில் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பது ஒரு காரணம். அதோடு அது படத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

நான்கு நிமிடக் குரல் பதிவு வேண்டாம். கூட்ட நெரிசலில் ரயிலில் நிற்பவர் அதைக் கேட்கமாட்டார், பின்னால் தேடினாலும் கிடைக்காது. தட்டச்சு சிரமம் என்றால் போனில் பேசியே தமிழில் எழுத்தாக்கி, பிழை திருத்தி அனுப்புங்கள். எங்கள் குழுவில் மூத்தவர் அப்படித்தான் செய்கிறார். சமயத்தில் போன் அவர் சொன்னதைவிட நன்றாக எழுதிவிடுகிறது என்பார்.

8. கதையை உடைக்காமல் அனுப்புங்கள்

எங்கள் விதி: முதல் இருபது நிமிடத்தில் நடப்பதைச் சொல்லலாம். முன்னோட்டத்தில் வந்ததையும் சொல்லலாம். அதற்குமேல் கதையில் என்ன நடக்கிறது என்று சொன்னால் உடைப்புதான்.

"திருப்பம் ஒன்று இருக்கிறது, சொல்லமாட்டேன்" என்பதும் உடைப்பு. இதைப் புதியவர்கள் ஏற்க நாளாகிறது. திருப்பம் வரும் என்று தெரிந்துவிட்டால் படம் முழுக்க அதைத்தான் தேடிக்கொண்டிருப்போம். "கெளரவ வேடத்தில் யார் வருகிறார் என்று பாருங்கள்" என்பதும் அதே வகை.

செய்தியின் முதல் வரி போனின் பூட்டிய திரையிலேயே தெரிந்துவிடும். ஆகவே முதல் வரியில் படத்தின் பெயரும் "கதை உடைப்பு இல்லை" அல்லது "உண்டு" என்பதும் மட்டும் இருக்கட்டும். எல்லாவற்றையும் பேசித் தீர்க்க ஆசையிருந்தால், பார்த்தவர்களுக்கு மட்டும் தனிக் குழு தொடங்குங்கள். நாங்கள் அதற்கு "பார்த்தாச்சு" என்று பெயர் வைத்திருக்கிறோம். டெலிகிராமில் வரியை மறைத்து அனுப்பும் வசதியும் உண்டு.

ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களையும் நினைத்துப்பாருங்கள். நமக்கு அவர்களைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் பொழுது விடிகிறது. சில பெரிய படங்களுக்கு இங்கே முந்தைய இரவே காட்சி உண்டு. திருச்சியில் சித்தப்பா காலைக் காட்சிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது, வில்லன் யார் என்று சிங்கப்பூரிலிருந்து செய்தி போனால் அடுத்த தீபாவளிவரை பேச்சு இருக்காது.

9. இப்போது எண்ணைப் போடுங்கள்

எழுதியதை ஒருமுறை படியுங்கள். உங்கள் மூன்று அடையாளப் படங்களோடு ஒப்பிடுங்கள். எண் வந்துவிடும்.

அப்புறம் சரிபார்ப்பு. "கூட்டிப்போகலாம்" என்று எழுதிவிட்டு 2.5 போட்டிருக்கிறீர்களா? ஒன்று வரி பொய், இல்லை எண் பொய். பெரும்பாலும் வரியைத்தான் நம்பவேண்டும், எண்ணைத் திருத்துங்கள். படத்தின் நல்ல நோக்கத்துக்காக ஒரு மதிப்பெண் கூட்டுவது, பிடித்த நடிகருக்காக அரை கூட்டுவது, பெரிய பட்ஜெட் என்பதால் குறைப்பது எல்லாம் நடக்கும். கூட்டினால் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: "3, நடிகருக்காக அரை." அவருடைய தீவிர ரசிகர் அல்லாதவர் அந்த அரையைக் கழித்துக்கொள்வார்.

முழுதும் பார்க்காத படத்துக்கு எண் கிடையாது. "ஐம்பது நிமிடத்தில் எழுந்துவிட்டேன், காரணம் இது" என்பது நேர்மையான கருத்து. அதோடு நிறுத்துங்கள்.

10. குழுவின் எண்களைச் சேர்த்துப் படிப்பது

ஒரே படத்தைப் பலர் பார்த்திருந்தால், எல்லாரும் எண் போடும்வரை யாருடைய எண்ணும் தெரியக்கூடாது. முதலில் மாமா 4.5 என்று அனுப்பிவிட்டால் மருமகன் 2 போடுவாரா? அதிகம் போனால் 4க்கு இறங்குவார். அப்போது எண்ணை மட்டும் ஒருவரிடம் தனிச்செய்தியில் அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை இரவு மொத்தமாகத் திறப்பது எங்கள் வழக்கம்.

சராசரி மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு படத்துக்கு 4.5, 4.5, 4, 1.5, 1 என்று ஐந்து எண் வந்தன. கூட்டி வகுத்தால் 3.1. "சுமார்" என்று எண்ணித் தாண்டிப்போயிருப்போம். ஆனால் அந்த ஐவரில் யாருமே அதைச் சுமார் என்று சொல்லவில்லை. மூவருக்கு நன்றாகப் பிடித்திருந்தது, இருவருக்குத் தாங்கவே முடியவில்லை. குறிப்பைப் பார்த்தால், அந்த இருவரும் சின்னப் பிள்ளைகளோடு போனவர்கள். ரத்தக் காட்சிகளில் பிள்ளையின் கண்ணைப் பொத்தியே பொழுது போயிருக்கிறது. ஆகவே இப்போது நாங்கள் சராசரியை எழுதுவதில்லை. மேல் எண், கீழ் எண், நடு எண் மூன்றும் எழுதி, பக்கத்தில் "பிள்ளைகளோடு வேண்டாம்" என்று ஒரு குறிப்பு.

சில மாதம் போனால் யாருடைய ரசனை உங்களுடையதோடு ஒத்துப்போகிறது என்று தெரியவரும். என் எண்ணுக்கு எப்போதும் நேர் எதிராகப் போடும் ஓர் ஆசிரியை இருக்கிறார். அவர் 1.5 போட்டால் நான் உடனே டிக்கெட் எடுத்துவிடுவேன். இதுவரை ஏமாந்ததில்லை.

11. மாற்றுக்கருத்தும் மாறிய எண்ணும்

எண்ணோடு சண்டை போடாதீர்கள், காட்சியைக் கேளுங்கள். "எப்படி 2 போட்டீங்க?" என்றால் எதிரில் இருப்பவர் தற்காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். "எந்த இடத்தில் விட்டுப்போச்சு?" என்று கேட்டால் பேச்சு தொடங்கும். பார்க்காதவர் வாதத்தில் இறங்கக்கூடாது என்பது எங்கள் கண்டிப்பான விதி. தீவிர ரசிகர்களுக்குக் கஷ்டமான விதியும் அதுதான்.

பல தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. மறுபடி பார்த்து எண் மாறினால் பழையதை அழிக்காதீர்கள். பக்கத்திலேயே புதிய எண்ணையும், எங்கே பார்த்தது, எந்தத் தேதி என்பதையும் எழுதுங்கள். எங்கள் தாளில் அந்த ஒலிபெருக்கிப் படத்துக்கு எதிரே இன்னும் "1.5 அரங்கு, 3.5 வீடு" என்று இருக்கிறது. புதிதாக யார் சேர்ந்தாலும் முதலில் அந்த வரியைத்தான் காட்டுகிறேன்.